மினர்வா யாரைப் பார்க்கிறாள்?

உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும். ஒரு மாலிலோ ஏர்போர்ட்டிலோ அம்மா சத்தமாகத் தமிழில் ஏதாவது சொல்வார். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் யாரென்றே தெரியாது என்பதுபோல நாம் இரண்டு அடி தள்ளி நின்றுகொள்வோம்.

நான் அப்படித் தள்ளி நின்ற ஒரு நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கூடவே ஒரு ஓவியத்தைப் பற்றியும். இரண்டையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2019ஆம் வருஷம். அப்போது நாங்கள் அபுதாபியில் எலெக்ட்ரா தெருவில் இருந்தோம். ஒரு பெட்ரூம் ஃபிளாட், கீழே குரோசரி, எதிரே கஃபட்டீரியா. எலெக்ட்ரா என்பது கிரேக்கக் கதைகளில் வரும் ஒரு இளவரசியின் பெயர் என்பது பதினாறு வருஷம் அங்கே இருந்தும் எனக்குத் தெரியாது. அப்பா கட்டிடங்களில் ஏசி பராமரிக்கும் வேலையில் இருந்தார். நான் பதினொன்றாம் வகுப்பு. அருங்காட்சியகத்துக்குப் போய் ஏதாவது ஒரு கலைப்பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் எழுதி வரவேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

சாதியாத் தீவில் லூவ்ர் அபுதாபி திறந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அங்கே பிப்ரவரி 14 முதல் மே 18 வரை ஒரு சிறப்புக் கண்காட்சி நடந்தது. ரெம்பிராண்ட், வெர்மீர் போன்ற 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களின் படங்கள். ஒரு வெள்ளிக்கிழமை அப்பா எங்களை வாசலில் இறக்கிவிட்டு, "ஒனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போதும். நான் கார்லயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு ஆளுக்கு அறுபது சொச்சம் திர்ஹாம். அப்பா கணக்கில் அது ஒரு வாரத்துக் காய்கறி.

உள்ளே போனதும் அம்மா அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டார். அந்தக் கூரை 180 மீட்டர் விட்டமுள்ள ஒரு குவிமாடம். ஒன்றின்மேல் ஒன்றாக எட்டு அடுக்குகள், மொத்தம் 7,850 நட்சத்திர வடிவங்கள். வெயில் அதற்குள் புகுந்து புள்ளி புள்ளியாகத் தரையில் விழும். "ஓலப்பந்தல் மாதிரில்லா இருக்கு!" என்றார் அம்மா. கட்டிடத்தை வடிவமைத்த ழான் நூவெலும் பேரீச்ச ஓலைகளுக்கு இடையில் விழும் வெளிச்சத்தைத்தான் மனதில் வைத்திருந்தார் என்று பிறகு படித்தேன். அம்மா சொன்ன அன்று எனக்கு அது பட்டிக்காட்டுப் பேச்சாகத்தான் பட்டது.

அடுத்த சங்கடம் சோழர் காலத்து ஆடும் சிவன் சிலை முன்னால் வந்தது. அம்மா இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, உதடு அசைய நின்றார். பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் போட்டோ எடுக்கக் காத்திருந்தது. "அம்மா, இது கோவில் இல்ல" என்றேன். "சாமி அதேதானட்டீ" என்றார்.

பிறகு சிறப்புக் கண்காட்சிக்குள் நுழைந்தோம்.

படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் அளவிலேயே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். உயரம் கிட்டத்தட்ட நாலரை அடி இருக்கும் படம். நீண்ட தலைமுடி, அதன்மேல் இலைகளால் ஆன ஒரு வளையம். பொன்னிறத்தில் கனமான மேலாடை. முன்னால் மேசையில் பெரிய புத்தகம் ஒன்று திறந்து கிடக்கிறது. அங்கே ஒரு உலக உருண்டையும் இருக்கிறது. பின்னால் நிழலில் தலைக்கவசம், ஈட்டி, கேடயம். கேடயத்தில் ஒரு முகம். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்து அவள் முகத்திலும் ஆடையிலும் புத்தகத்தின் தாள்களிலும் விழுகிறது. மற்றதெல்லாம் இருட்டுக்குள் போய்விடுகிறது.

ரெம்பிராண்ட் 1635இல் வரைந்தது. பெயர் 'படிப்பறையில் மினர்வா'.

அம்மா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏட்டி, இங்க வா. இது சரஸ்வதில்லா!" என்றார்.

என் பள்ளியிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, மெதுவா பேசு. இது சரஸ்வதி இல்ல, மினர்வா. போர்டுல போட்டிருக்கு பாரு" என்றேன்.

"பேரு என்னவா வேணா இருக்கட்டும். படிச்சிட்டு இருந்திருக்கா. நடுவுல யாரோ வந்து கூப்பிட்டிருக்காவ. மொகத்தப் பாத்தியா? கோவம்னு சொல்ல முடியாது. 'என்ன வேணும்'னு கேக்கா."

"சரிம்மா, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மீதிக் கூடங்களில் அம்மா அதிகம் பேசவில்லை.

அன்றிரவு இணையத்தில் தேடி ஐந்து பக்கக் கட்டுரையை எழுதி முடித்தேன். மினர்வா ரோமானியர்களின் அறிவுத் தெய்வம், போர்த் தெய்வமும் அவளே, கிரேக்கத்தில் அவளுக்கு அதீனா என்று பெயர், ஆயுதங்கள் பின்னால் தொங்க புத்தகம் முன்னால் இருப்பதால் போரைவிட அறிவே உயர்ந்தது என்கிறார் ஓவியர். இதுதான் என் கட்டுரை. நல்ல மதிப்பெண் கிடைத்தது. அம்மா சொன்னதில் ஒரு வரிகூட அதில் இல்லை.

அந்தக் கட்டுரையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் படத்தைப் பார்க்காமலே அதை எழுதியிருக்கலாம். தெய்வத்தின் பெயரும் பொருள்களின் பட்டியலும் கையில் இருந்தால் போதும். அம்மாவிடம் பட்டியல் இல்லை, ஆங்கில விளக்கப் பலகையையும் அவர் படிக்கவில்லை. அதனால் அவருக்கு முகத்தைத்தான் பார்க்க முடிந்தது.

முகத்தைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பது எனக்குப் புரிய கொஞ்ச நாள் ஆனது. இந்த மாதிரி ஓவியங்களை 'பரோக்' பாணி என்பார்கள். 1600 வாக்கில் ரோமில் தொடங்கி ஐரோப்பா முழுக்கப் பரவி நூற்றைம்பது வருஷம் போல நீடித்தது. அதன் குணத்தை இரண்டு சிலைகளை வைத்துச் சொல்லலாம். கோலியாத் என்ற ராட்சதனைக் கவண்கல்லால் வீழ்த்திய தாவீதின் கதை தெரியும் அல்லவா? மைக்கேலாஞ்சலோவின் தாவீது அமைதியாக நிற்கிறான். அதற்கு நூற்றிருபது வருஷம் கழித்து பெர்னினி செதுக்கிய தாவீது உதட்டைக் கடித்து, உடம்பை முறுக்கி, கல்லை எறிந்துகொண்டே இருக்கிறான். பரோக் அந்த நொடியைத்தான் பிடிக்கும். சினிமாவில் 'பாஸ்' அழுத்தின மாதிரி.

கரவாஜியோ வரைந்த மெதூசாவைத் தேடிப் பாருங்கள். வெட்டுப்பட்ட தலை, அலறல் இன்னும் வாயிலிருந்து முடியவில்லை. அவர் அதை ஒரு நிஜக் கேடயத்தின்மேல் ஒட்டிய துணியில் வரைந்தார்.

ஆனால் ரெம்பிராண்டின் மினர்வாவில் ரத்தம் இல்லை, அலறல் இல்லை, யாரும் ஓடவில்லை. அப்படியானால் இதில் எந்த நொடி? அம்மா சொன்ன நொடிதான். படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிய நொடி. ஒரு நிமிஷம் முன்னால் அவள் கண் புத்தகத்தில் இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் புத்தகத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்த இடைவெளியில் படம் நிற்கிறது.

சரஸ்வதி என்று அம்மா சொன்னதற்கும் வருகிறேன். அது சரியா தப்பா?

பெயரை வைத்துப் பார்த்தால் தப்பு. மினர்வாவிடம் வீணை இல்லை, சரஸ்வதியிடம் ஈட்டி இல்லை. ஆனால் எங்கள் வீட்டு சரஸ்வதி பூஜையை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும். ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பலகை போட்டு என் பாடப்புத்தகங்களை அடுக்குவோம். அதே பலகையில் அப்பாவின் ஸ்பேனர், மல்டிமீட்டர், கார் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஒரே நாள், சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும். புத்தகமும் ஆயுதமும் ஒரே இடத்தில் ஓய்வெடுக்கும் காட்சி அம்மாவுக்குப் புதிதில்லை. அதனால்தான் அந்தப் படம் அவருக்கு உடனே பழகிவிட்டது.

ரெம்பிராண்ட் 1633இல் பெல்லோனா என்ற போர்த் தெய்வத்தையும் வரைந்திருக்கிறார். இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவள் கவசம் அணிந்து, மெதூசா தலை பதித்த கேடயத்தைப் பிடித்தபடி நிற்கிறாள். இரண்டு வருஷம் கழித்து வரைந்த மினர்வாவில் அந்த ஆயுதங்கள் பின்னால் போய்விட்டன. அப்போது டச்சுக்காரர்கள் ஸ்பெயினுக்கு எதிராக 1568இல் தொடங்கிய போரில்தான் இன்னும் இருந்தார்கள். அது 1648இல்தான் முடிந்தது. போர் நடக்கும் நாட்டில் ஒரு ஓவியர், போர்த் தெய்வத்தைப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைக்கிறார்.

அவருடைய சொந்தக் கதையும் சுவையானது. ரெம்பிராண்ட் லைடன் நகரத்தில் மாவு மில் வைத்திருந்தவரின் மகன். 1620இல், பதின்மூன்று வயதில், லைடன் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவு செய்திருக்கிறார்கள். படிப்பை விட்டுவிட்டு ஓவியம் கற்கப் போய்விட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரையில் இருப்பவள் யார் தெரியுமா? மினர்வாதான். படிக்காமல் விட்டுவந்த இடத்துத் தெய்வத்தை அவர் பிறகு வரைந்திருக்கிறார். இன்ஜினியரிங்கா டிசைனா என்று வீட்டில் தினமும் சண்டை நடந்துகொண்டிருந்த எனக்கு இது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. அந்தப் பொன்னாடையைப் பார்த்து, "துணி எங்க உள்ளதா இருக்கும்?" என்று அம்மா கேட்டிருந்தார். ஓவியர் கற்பனையாகவும் வரைந்திருக்கலாம், அது நம் ஊர்த் துணி என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாமின் செல்வத்தில் ஒரு பங்கு நம் கடற்கரையிலிருந்து போனது. சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டில் 1610 முதல் டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்தார்கள், கோட்டையும் கட்டினார்கள். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை வாங்கினார்கள். மனிதர்களையும் அடிமைகளாக வாங்கிக் கப்பலில் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். ரெம்பிராண்ட் பிற்காலத்தில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்த படங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. மேசையில் இருக்கும் உலக உருண்டையைப் பார்க்கும்போது இப்போது எனக்கு இவையெல்லாம் ஞாபகம் வருகின்றன. ஐரோப்பிய ஓவியத்தில் நமக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அந்த உருண்டையில் நம் ஊரும் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கேடயம்.

கண்காட்சிக்குப் போய்வந்து சில நாள் கழித்து, சமையலறையில் அம்மா மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது மெதூசாவின் கதையைச் சொன்னேன். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் வடிவம். மெதூசா அழகான பெண். கடல் தெய்வம் நெப்டியூன் அவளை மினர்வாவின் கோவிலுக்குள்ளேயே பலாத்காரம் செய்தான். மினர்வா கோபப்பட்டாள். நெப்டியூன்மேல் இல்லை, மெதூசாமேல். அவளுடைய அழகான கூந்தலைப் பாம்புகளாக மாற்றினாள். அவள் முகத்தைப் பார்ப்பவர்கள் கல்லாகிவிடுவார்கள். கடைசியில் பெர்சியஸ் என்ற வீரன் அவள் தலையை வெட்டினான். அந்தத் தலைதான் மினர்வாவின் கேடயத்தில்.

அம்மா கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். "நம்ம அகலிகை கததானட்டீ இது! அங்க தப்பு பண்ணுனவன் இந்திரன், கல்லாப் போனவ அகலிகை. இங்கயும் அதே மாதிரி."

நான் யோசிக்கவே இல்லை. அகலிகை கல்லானாள். மெதூசா பார்ப்பவர்களைக் கல்லாக்கினாள். இரண்டு கதையிலும் கல் இருக்கிறது, இரண்டிலும் தண்டனை பெண்ணுக்கு.

"புதுமைப்பித்தன் இதப் பத்தி ஒரு கத எழுதிருக்காரு. சாபவிமோசனம். படிச்சிருக்கியா?" என்றார் அம்மா. நான் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. அம்மா கதையைச் சொன்னார். ராமன் கால் தூசி பட்டு அகலிகை மறுபடி பெண்ணாகிறாள். வருஷங்கள் போகின்றன. ஒருநாள் சீதை பார்க்க வருகிறாள். தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சொல்கிறாள். தனக்கு விமோசனம் கொடுத்த அதே ராமனா இப்படிச் செய்தான் என்று அகலிகையால் தாங்க முடியவில்லை. அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

பிறகு நான் அந்தக் கதையைத் தேடி எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு பழைய புராணத்தை எடுத்து, 'அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்' என்று கேட்டவர் நம் திருநெல்வேலிச் சீமை எழுத்தாளர். ஓவியத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததில் அந்தக் கதைக்குப் பெரிய பங்கு உண்டு. அதன்பிறகு மினர்வாவை வெறும் அறிவுத் தெய்வமாகப் பார்க்க முடியவில்லை. அவள் படித்துக்கொண்டிருக்கிறாள், வெளிச்சத்தில் அழகாக இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் இருட்டில், அவள் அநியாயமாகத் தண்டித்த ஒரு பெண்ணின் முகம் தொங்குகிறது. ரெம்பிராண்ட் அப்படி நினைத்து வரைந்தாரா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். மெதூசா தலை மினர்வாவுக்கு வழக்கமான அடையாளம், அதனால் வரைந்தார். ஆனால் படத்தில் அது இருக்கிறது. இருப்பதைப் பார்ப்பதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

இவ்வளவு விஷயம் தெரிந்த அம்மாவைத்தான் நான் கண்காட்சியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

2020இல் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அந்த வருஷம் எத்தனை வீடுகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டைக்கே திரும்புவது என்று முடிவானது. எனக்கு ஷார்ஜாவில் டிசைன் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டல். இருபது வருஷ வீட்டை கார்கோ பெட்டிகளில் அடைத்தோம். எது ஊருக்கு, எது யாருக்கு, எது குப்பைக்கு என்று மூன்று குவியல்.

அலமாரி மேலிருந்த பழைய சூட்கேஸுக்குள் ஒரு கட்டு லாங் சைஸ் நோட்டு இருந்தது. அம்மாவின் கையெழுத்து. அஞ்சல் வழி எம்.ஏ. தமிழ், முதல் வருஷம், இரண்டாம் வருஷம். அம்மா பி.ஏ. தமிழ் படித்தவர் என்று தெரியும். அபுதாபிக்கு வந்த பிறகும் படித்தார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கடைசி நோட்டில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைக்குக் குறிப்பு எழுதியிருந்தார். ஒரு வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை.

"அது வெயிட்டு கூடும். தூக்கிப் போடு" என்றார் அம்மா, டேப் ஒட்டிக்கொண்டே.

"ஏம்மா முடிக்கல?"

"பரீட்சைக்கு ஊருக்குப் போணும்லா. நீ கைக்கொழந்த. அடுத்த வருசம் எழுதிக்கிடலாம்னு நெனச்சேன்." அவ்வளவுதான் சொன்னார். குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் டேப்பை இழுத்தார்.

அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

கண்காட்சிக் கூடத்தில் அம்மா சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. யாரோ வந்து கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார் அல்லவா? அந்த யாரோ படத்துக்குள் இல்லை. படத்தில் மினர்வா மட்டும்தான் இருக்கிறாள். அவள் பார்ப்பது படத்துக்கு வெளியே, மேசைக்கு முன்னால் நிற்கிற ஆளை. அதாவது பார்க்க வந்தவரை. அவள் படிப்பை நிறுத்தியது நாம்தான். நானூறு வருஷம் ஆகப் போகிறது, படத்தின் முன்னால் யார் போய் நின்றாலும் அவள் படிப்பு நின்றுதான் போகிறது.

'போரைவிட அறிவே உயர்ந்தது' என்று எழுதியபோது நான் அந்தப் படத்துக்கு வெளியில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னை இழுத்துக் கொண்டுபோய் அந்த மேசை முன்னால் நிறுத்திவிட்டார். இந்தப் படத்தைப் பற்றி எழுதுவதென்றால் நான் யார், எதற்கு வந்து நிற்கிறேன் என்றும் சேர்த்து எழுதவேண்டும்.

நான் பிறந்தது என் தப்பு இல்லை, தெரியும். அம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் யாருடைய புத்தகம் எந்தப் பக்கத்தில் நின்றது என்று நாம் கேட்பதே இல்லை. அப்பா இந்தப் பாலைவனத்துக்கு வந்து பட்ட கஷ்டம் நமக்கு மனப்பாடம். எல்லா வீட்டிலும் அது தினசரி பாராயணம். அம்மாக்கள் கையில் என்ன வைத்திருந்தார்கள், அதை எங்கே இறக்கி வைத்தார்கள் என்பது அலமாரி மேலே சூட்கேஸில் இருக்கிறது.

நோட்டுக் கட்டை என் துணிகளுக்கு நடுவில் சுற்றி ஊருக்குப் போகும் பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டேன். ஒன்றிரண்டு கிலோ கூடியது. அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். நேரம் கிடைத்தால் அருங்காட்சியகங்களுக்குப் போவேன். விளக்கப் பலகையைக் கடைசியில்தான் படிப்பது என்று வைத்திருக்கிறேன். முதலில் ஐந்து நிமிஷம் படம் மட்டும். வெளிச்சம் எங்கே விழுகிறது, இருட்டில் என்ன இருக்கிறது, இவர்கள் யாரைப் பார்க்கிறார்கள், ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்திருக்கும். நம் வீட்டுக் கதை ஏதாவது ஞாபகம் வந்தால் அதைத் துரத்துவதில்லை. எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பார்க்கிறேன். பிறகு பலகை. நீங்களும் செய்து பாருங்கள். முடிந்தால் அம்மாவைக் கூட்டிப் போங்கள். அவர் சத்தமாகப் பேசினால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அம்மா எம்.ஏ.வை முடிக்கவில்லை. மறுபடி சேரலாமே என்று நான் கேட்கும்போதெல்லாம் "பாப்போம்" என்கிறார். போன வருஷம் சரஸ்வதி பூஜையன்று வீடியோ காலில் பலகையைக் காட்டினார். பொங்கல், சுண்டல், அப்பாவின் மல்டிமீட்டர். படத்துக்கு முன்னால் புத்தக அடுக்கு. அதில் மேலே அந்த லாங் சைஸ் நோட்டுகள், சந்தனப் பொட்டோடு. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டார்.

"அந்த மினர்வா இப்பவும் அபுதாபிலதான் இருக்காளா?"

"இல்லம்மா. அது நியூயார்க்காரங்க தொகுப்பு. கண்காட்சி முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அந்தப் புஸ்தகத்தப் படிச்சி முடிச்சாளாமா?"

"இல்லம்மா. இன்னும் அதே பக்கத்துலதான் இருக்கா."

"பாவம்" என்று சிரித்துக்கொண்டே அம்மா போனை அப்பாவிடம் கொடுத்தார்.